கை இறக்காத அம்மணி

பால் பொங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் வழியாது. அதுதான் என் வேலை. ஒரு டீத்தூள் கம்பெனிக்காக அந்தப் பாலை வரைந்தேன். விளிம்பு வரைக்கும் ஏறும், அடங்கும், மறுபடி ஏறும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் எனக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். இதற்கு லூப் என்று பெயர். நகைக்கடைக்கு ஆடுகிற ஜிமிக்கி, வாட்ஸப்பில் கும்பிடு போடுகிற தொப்பை மாமா, பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனிக்குச் செத்து விழுந்து எழுந்து மறுபடி செத்து விழுகிற கரப்பான் என்று பல வருடமாக இதையேதான் வரைகிறேன். அந்தக் கரப்பானில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். சுற்று சேர வேண்டுமென்றால் முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் வைத்துவிடுவார்கள். ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு தடவை வரும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் லேசாக விக்கும். கடைசிப் படத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு எறிவேன். நான் செய்த லூப்பில் ஒட்டு எங்கே என்று இதுவரை யாரும் காட்டியதில்லை.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இரண்டு அறை எடுத்துக் குடியிருக்கிறேன். பட்டறைக்காரர் மயில்சாமிதான் வீட்டுக்காரரும். இந்தச் சத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லேத் ஓடாது. அன்றைக்குத்தான் வீடு எவ்வளவு காலி என்று காதுக்குத் தெரியும். கல்யாணம் ஆகி, சரிவராமல், கோர்ட்டில் முடிந்தது. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் என்னை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை மெதுவாக விட்டுவிட்டார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. அழைப்பு வைக்கக் கிளம்புகிறவர்களுக்கு என் தெரு வரும்போது பொழுது போய்விடுகிறது, அவ்வளவுதான். அம்மாவும் போன பிறகு லோகப்பிரியா என்று முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. தனியாக இருப்பது ஒரு சுகம் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அது சுகமில்லை. சில நாள் தாங்கவே முடிவதில்லை.

ஹிபா என்னிடம் வந்தது ஒரு மழை நாளில். அவள் பிசியோதெரபிஸ்ட். வாதம் வந்து கை கால் விழுந்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறவள். முப்பது வயதுகூட ஆகாது. நனைந்த குடையைக் கதவுக்கு வெளியே கவனமாகச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அந்தக் குடைக்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

"லோகாக்கா, வாரத்துக்கு ஒருக்காத்தான் என்னால ஒரு வீட்டுக்குப் போக முடியுதுங்க. மத்த நாளெல்லாம் அவங்களே செய்யணும். செய்யறதில்லைங்க. தனியா உக்காந்து கையைத் தூக்கி எறக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுங்களா? பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து கூடவே செய்யற மாதிரி இருக்கணும். அதைத்தான் எங்க ஆப்ல வைக்கப் போறோம்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"யாரா இருந்தாலும் சரிங்க. பார்த்தா பயப்படாத மாதிரி இருந்தாப் போதும்."

பயிற்சி இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டு, நல்ல கை விழுந்த கையைத் தூக்க, முகம் வரைக்கும் உயர்த்தி மடியில் இறக்க வேண்டும். நடித்துக் காட்ட எனக்கு ஆள் கிடையாது. போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் நானே உட்கார்ந்து தூக்கி இறக்கி வீடியோ எடுத்தேன். அதைப் பார்த்துத்தான் வரைந்தேன். அசைவு என்னுடையது, முகம் என்னுடையது இல்லை. என் முகத்தைப் போட்டால் நோயாளிக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். வட்ட முகம், பச்சை நூல் புடவை, கொண்டை. வீடியோவில் ஒவ்வொரு தடவை கை முகத்துக்கு நேராக வரும்போதும் என் கண் லேசாக நிமிர்ந்து முன்னால் பார்த்தது. தலை ஒரு அசைவு அசைந்தது. அதையும் அப்படியே வரைந்தேன். அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது பொம்மை மரக்கட்டையாக இருந்தது.

நோயாளி வீட்டில் வைக்கிற டேப்லெட் திரையின் அடியில் எண்ணிக்கை ஓடும். பத்து ஆனதும் மணி அடிக்கும், "ஓய்வு எடுங்கள்" என்று எழுத்து வரும். மணியும் எழுத்தும் ஆப் செய்தவர்களின் பொறுப்பு. என் பொறுப்பு அந்தப் பெண் மட்டும். மணி அடித்த பிறகும் அவள் பாட்டுக்குப் பின்னால் தூக்கி இறக்கிக்கொண்டு இருப்பாள் என்பதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை. நானும்தான்.

ஆடி மாதம் ஹிபா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க லூப் ஒருத்தரோட தோளைக் கெடுத்து வெச்சிருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் லூப் யார் தோளையும் தொடவில்லை, வேண்டுமானால் ஆப்காரனைக் கேளுங்கள் என்றேன். அவள் நான் அடங்கும் வரைக்கும் காத்திருந்து விவரம் சொன்னாள்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் பொங்கியண்ணன் என்று ஒருவர். தென்னந்தோப்பு, கொப்பரை வியாபாரம். மனைவி இல்லை. தை மாதம் வாதம் அடித்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் கொஞ்சம் குழறல். ஆவணியில் அவருடைய பேத்திக்குக் காது குத்து. அவர் ஹிபாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த விசேஷத்தில் ஒறம்பரையோடு, வந்த சொந்தபந்தத்தோடு, பந்தியில் உட்கார்ந்து வலது கையால் சாப்பிட வேண்டும். விழுந்த நாளிலிருந்து அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையில் கரண்டி பிடித்துத் தனியாகத்தான் சாப்பிடுகிறார். வந்தவர்கள் முன்னால் இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம். ஆனியில் கை நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இப்போது தோள்மூட்டு வீங்கிக் கிடக்கிறது. காரணம், பத்து தடவை தூக்க வேண்டியவர் காலை முழுக்கத் தூக்குகிறார்.

"சொன்னாக் கேக்கறதில்லைங்களா?"

"ஆகட்டுங்கன்னு சொல்றாருங்க. அப்பறம் பார்த்தா தூக்கிட்டே இருக்கறாரு. இப்படியே போனா கை மேலேயே வராதுங்க அக்கா. நீங்களும் ஒருக்கா வந்து பாருங்க. எங்க தப்புன்னு எனக்குப் பிடிபடல."

வெளியே போவது எனக்குப் பிடிக்காது. போன இடத்தில் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஆரம்பிப்பார்கள். இருந்தாலும் ஒருவர் தோள் வீங்கியது என் படத்தால் என்று சொல்லிக்கொண்டு திரிய விடவும் மனசில்லை. சனிக்கிழமை ஹிபாவின் காரில் போனேன். பொள்ளாச்சி தாண்டும் வரைக்கும் நான் ஆப்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

வீட்டு முன்னால் பெரிய கொப்பரைக் களம். ஆட்கள் உடைத்த தேங்காயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகன் மனோஜ்குமார் லாரிக்காரரோடு பேசிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார், பேச்சை நிறுத்தவில்லை. மருமகள் எங்களைக் களத்தை ஒட்டிய மாமனாரின் அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"மாமாகிட்டச் சொல்லி மாளலைங்க," என்றார். "மணி அடிக்குதுங்க, அவரு காதுல உழுகாத மாதிரி தூக்கறாரு. மத்தியானம் சோறு கொண்டுபோய் நான் டேப்பை அமத்துனாத்தான் நிறுத்தறாருங்க. இந்தக் களத்து வேலைக்கு நடுவுல ஆருங்க போய் போய் பாக்கறது?"

அது குற்றச்சாட்டு இல்லை. அவர் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, இடுப்பில் குழந்தை. சொல்லிவிட்டு அப்படியே களத்துக்குப் போய்விட்டார்.

அறை நல்ல அறைதான். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள், யாரும் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. பொங்கியண்ணன் வெள்ளை வேட்டியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். எதிரே ஸ்டூலில், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த டேப். டேப்பில் என் பச்சைப் புடவைக்காரி. இருவரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள், ஒன்றாக இறக்கினார்கள். நாங்கள் கதவோரம் நின்று பார்த்தோம். மணி அடித்தது. அவர் காதில் விழுந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கை மறுபடி ஏறியது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினார்.

ஹிபா உள்ளே போய் டேப்பை நிறுத்தினாள். அவருக்கு மூச்சு வாங்கியது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

"ஐயா, பத்தோட நிறுத்தணும்னு சொன்னனுங்களே. மணி அடிச்சுதுங்களே."

"அடிச்சுதுங்க."

"அப்பறம் ஏனுங்க தூக்கறீங்க?"

அவர் டேப்பைப் பார்த்தார். பிறகு ஹிபாவைக் கிட்டே வரச் சொல்லி, குரலைத் தணித்துக்கொண்டார். அந்தப் பொம்மை காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் இருந்தது.

"அந்தப் புள்ள இன்னும் கையை எறக்கலைங்களே."

ஹிபாவுக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"அது பாட்டுக்குத் தூக்கிட்டு இருக்குது. நம்மளுக்காக வந்து உக்காந்திருக்குது," என்றார். ஒவ்வொரு சொல்லும் மெதுவாக, வழுக்கி வழுக்கி வந்தது. "அதைத் தனியா உட்டுப்போட்டு நான் மாத்தரம் கையை எறக்கறது மொறைங்களா?"

"ஐயா, அது படமுங்க," என்றாள் ஹிபா. சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"படம்னு எனக்குத் தெரியாதுங்களா? எனக்குக் கைதானுங்க உழுந்துச்சு, புத்தி உழுகலைங்க." கொஞ்சம் ரோஷமாகவே சொன்னார். பிறகு தணிந்தார். "இருந்தாலும் அது பாக்குதுங்க. கையைத் தூக்கறப்ப ஒவ்வொருக்காலும் நிமுந்து பாக்குது. நீங்களும் செய்யறீங்களான்னு கேக்கற மாதிரி. இந்த ஊட்டுல எல்லாரும் நல்லவங்கதானுங்க. ஆனா ஆருக்கு நேரம் இருக்குது, என்னை நின்னு பாக்கறதுக்கு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் பழைய போன் வீடியோ எடுக்கும்போது பாதியில் நின்றுபோகும். ஓடுகிறதா, சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று கை மேலே வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். தலை அசைந்தது, சரி ஓடுகிறது என்பதற்காக. அந்தப் பார்வையில் மரியாதையும் இல்லை, அக்கறையும் இல்லை. வீடியோ எடுத்தபோது என் எதிரே இருந்தது ஒரு அரிசி டப்பா. அந்தப் பார்வையை இந்த மனிதர் இரண்டு மாதமாக எதிரே வைத்து, வலிக்க வலிக்கத் துணை இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. இன்னொரு வீட்டில் நின்று அழுவதற்கு வெட்கமாக இருந்ததால் இருமினேன்.

"இவங்கதானுங்க அதை வரைஞ்சவங்க. லோகப்பிரியா. கணபதியில இருந்து வந்திருக்கறாங்க," என்றாள் ஹிபா.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை. எத்தனை குழந்தைகள் என்றும் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள ஆருங்க அம்மணி? தெரிஞ்ச புள்ளைங்களா?"

"ஆருமில்லீங்க," என்றேன். "சும்மா வரைஞ்சதுங்க."

"ஆருமில்லீங்களா," என்று அவர் டேப்பைப் பார்த்தார். நின்றுபோன திரையில் அவள் கையைப் பாதியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவர் முகம் வாடிவிட்டது. நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தையும் என் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற கண்ணை எதிர்கொள்ள என்னால் முடியவில்லை. வேறொரு காரணமும் இருந்தது. ஆருமில்லை என்ற சொல் என் வாயில் அவ்வளவு சுலபமாக வந்ததில் நானே கொஞ்சம் பயந்துபோயிருந்தேன்.

திரும்பி வரும்போது ஹிபா சிரிக்கவில்லை.

"அக்கா, பத்து ஆனதும் அந்தப் பொண்ணு கையை எறக்கற மாதிரி மாத்திருங்க. அப்ப அவரும் எறக்கிருவாரு."

"எறக்கிட்டு?"

"எறக்கிட்டு முடிஞ்சுதுங்க."

"அப்பறம் அவருக்கு ஆரு துணைங்க?"

அவள் முன்னால் போன லாரியை முந்தினாள். "தோள் முக்கியமுங்க அக்கா. காது குத்துக்கு அவரு பந்தியில உக்காரணும். வெறும் துணைக்காகக் கையை விட்டுற முடியுங்களா?"

அவள் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தனை வருடத்தில் ஒரு படத்தை முடிக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. முதலில் கையை மடியில் இறக்கி அப்படியே நிறுத்தினேன். ஓட்டிப் பார்த்தால் அவள் உட்கார்ந்த இடத்தில் உயிர் போனதுபோல் இருந்தாள். கண் திறந்தபடி, இமைக்காமல். அதை அவருக்குக் காட்டுவதைவிடத் தோளே போகட்டும் என்று இருந்தது. அடுத்து மெல்ல மங்கி மறைகிற மாதிரி செய்தேன். அது இன்னும் மோசம், ஆவி மாதிரி. கடைசியில் தெரிந்தது. அவள் எழுந்து, சொல்லிக்கொண்டு, வாசல் வழியாகப் போக வேண்டும். வந்தவர்கள் அப்படித்தானே போவார்கள்?

மறுபடியும் போனை டப்பாவின் மேல் வைத்தேன். விடைபெறுகிற மாதிரி நடிக்க எனக்கு வரவில்லை. முதல் தடவை பரீட்சை எழுதத் தெரியாமல் ஹாலை விட்டு ஓடுகிறவள் மாதிரி இருந்தது. அடுத்த தடவை கோபித்துக்கொண்டு போகிறவள் மாதிரி. நான் யார் வீட்டிலிருந்தும் சொல்லிக்கொண்டு கிளம்பி எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் யோசித்தேன். கணவன் வீட்டிலிருந்து கிளம்பியபோதுகூட யாரும் வாசலில் இல்லை. பலமுறை எடுத்து ஒரு வழியாக ஒன்று தேறியது. கையை மடியில் இறக்குகிறாள், விரல்களைப் பிரிக்கிறாள், எழுந்து நின்று கும்பிடுகிறாள். குரல் வேண்டும் என்று தோன்றியது. "போதுங்க. நாளைக்கு வாரேனுங்க" என்று நானே பேசிப் பதிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் கிளம்பும்போது போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அவள் திரும்பிக் கதவுப் பக்கம் போவாள். காலி நாற்காலி திரையில் இருக்கும்.

அதை அனுப்பிய அன்று லேத் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

ஹிபா சொன்னபடியே ஆயிற்று. முதல் நாளே அவள் கையை இறக்கியதும் அவரும் இறக்கிவிட்டார். அவள் கும்பிட்டபோது அவரும் கும்பிடப் பார்த்தாராம். வீக்கம் குறைந்தது. கை வாய் வரைக்கும் வர ஆரம்பித்தது. ஆவணியில் அந்தக் காது குத்து நாளில் நான் காலையிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட ஒரு காரணமும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பார்த்தேன்.

சாயங்காலம் ஹிபா கூப்பிட்டாள். அவள் போயிருந்தாள்.

"சாப்ட்டாருங்க அக்கா. பந்தியில உக்காந்து, சோத்துக் கையால. ரசம் முழங்கை வரைக்கும் வழிஞ்சுது, மனோஜ் பார்க்காத மாதிரி இருந்துட்டாரு. ஆனா ரொம்ப நேரம் ஆச்சுங்க. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் பாயசம் குடிச்சு முடிச்சிட்டாங்க. ஒருத்தர்கூட எந்திரிக்கலைங்க. கை காஞ்சுபோய் எலைக்கு முன்னால உக்காந்திருக்கறாங்க. அவரு கடைசி வாய் எடுத்து வெச்சு, எலையை மடிச்ச பிறகுதான் அத்தனை பேரும் எந்திரிச்சாங்க."

நான் அழுதேன். போனில் இருமுவதற்கு அவசியம் இல்லை என்று விட்டுவிட்டேன். அந்தப் பந்தியில் ஓரத்தில் எனக்கும் ஒரு இலை இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். நானும் கை காயக் காய உட்கார்ந்திருப்பேன். வேறு எதுவும் வேண்டாம்.

"ஆனா ஒரு குறை சொன்னாருங்க," என்றாள் ஹிபா. "உங்க படத்து மேலதான்."

"என்னவாம்?"

"அந்தப் பொண்ணு வாரேனுங்கன்னு சொன்ன உடனே திரும்பிப் போயிருதாம். இவருக்கு வாய் மெதுவாத்தானுங்க வருது. பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள அது வாசலைத் தாண்டிருதாம். தினமும் நாற்காலிகிட்டத்தான் சொல்லிட்டு இருக்கறாராம். சித்த நேரம் நின்னு கேட்டுப்போட்டுப் போகச் சொல்லுங்க அம்மணின்னாரு."

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். அது தொழில் கேள்வி. அவர் சொல்ல எத்தனை நேரம் ஆகிறது என்று தெரிந்தால்தான் அந்த அளவுக்கு அவளை நிறுத்த முடியும். ஹிபா அடுத்த தடவை போனபோது அவரைச் சொல்லச் சொல்லி, குரலைப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்பினாள். அளவுக்குத்தான். ஆப்பில் அந்தக் குரல் வராது, அவள் நிற்பது மட்டும் வரும்.

குரலை மென்பொருளில் போட்டு, அதன் அடியில் அவளை வரைந்தேன். வாசல் பக்கம் திரும்பப் போனவள் நிற்கிறாள். முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொள்கிறாள். அவர் ஒரு சொல்லைத் தேடும்போது இவள் கண் அவசரப்படக் கூடாது. இந்தத் தடவை நான் போனைப் பார்த்து நடிக்கவில்லை. அவர் குரலை ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிய இரண்டு நாள் ஆனது.

சரிபார்ப்பதற்காக அந்தப் பகுதியை மட்டும் அவர் குரலோடு சுற்ற விட்டேன். எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன். திரும்பத் திரும்ப ஓடினால்தான் தப்பு கண்ணில் படும்.

"சரிங்க அம்மணி," என்றார் பொங்கியண்ணன் என் அறையில். "பதனமா... போய்ட்டு வாங்க." நீளமாக ஒரு மூச்சு. பிறகு, கிளம்புகிறவர்களை எங்கள் பக்கத்தில் அவ்வளவு சுலபமாக விட்டுவிட மாட்டார்கள் என்பதால், "சாப்ட்டாச்சுங்களா? ஒரு வாய்... உண்ணுபோட்டுப் போலாமுங்களே." அவள் தலையசைத்து நின்றாள். அது முடிந்ததும் மறுபடி, "சரிங்க அம்மணி."

தப்பு ஒன்றும் இல்லை. நிறுத்தலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அவர் பேசிக்கொண்டிருந்தார். பேசுகிறவரைப் பாதியில் வெட்டக் கூடாது, முடிக்கட்டும் என்று கையை எடுத்துக்கொண்டேன். அவர் முடித்தார், ஆனால் அவருடைய கடைசிச் சொல்லோடு முதல் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. இடையில் எழுந்துகொள்ள ஒரு விக்கல்கூட இல்லை. அப்படி ஒட்டியது நான்தான். எனக்கு வேலை தெரியும். கீழே பட்டறையை அடைத்துவிட்டு மயில்சாமி கிளம்பிப் போனார். நான் நாற்காலியிலேயே இருந்தேன். அவர் பத்திரமாகப் போய் வரச் சொன்னார், மூச்சு வாங்கினார், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க," என்றேன்.